ஓதுவார் பாதி, கதைப் புத்தகம் பாதி: குழந்தைகளுக்கான ஒரு திருமுறை வகுப்பைப் பற்றி

மயிலாப்பூருக்கு அருகில் ஒரு பழைய வீட்டின் மாடிக் கூடத்தில் ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் 11 மணி வரை நடைபெறும் குழந்தைகளுக்கான திருமுறை வகுப்பில், கடந்த புரட்டாசியில் என் மகளைச் சேர்த்தேன். அவளுக்கு அப்போது 8 வயது. தேவாரப் பாடல்களையும் நாயன்மார் கதைகளையும் 6 வயது முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பதாக அவர்களுடைய துண்டறிக்கை கூறியது. மாதக் கட்டணம் 700 ரூபாய். மூன்று மாதத் தவணை ஒவ்வொன்றுக்கும் ஒரு கதைப் புத்தகம் தருகிறார்கள். அதன் விலை 150 ரூபாய். ஓராண்டு முழுவதும் பெரும்பாலும் கூடத்தின் பின்வரிசையில் அமர்ந்து நானும் வகுப்பைக் கேட்டிருக்கிறேன் என்பதால், பிள்ளைகளைச் சேர்க்க எண்ணும் பெற்றோருக்குப் பயன்படும் வகையில் என் அனுபவத்தை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் வகுப்பின் பெயரைத் தவிர்த்துவிட்டேன். இதே அமைப்பில் நடைபெறும் வகுப்புகள் நகரில் இன்னும் சில உண்டு. அவற்றில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்களுக்கும் இதில் சில செய்திகள் பழகியவையாகவே இருக்கும்.

வகுப்பின் முதல் ஒரு மணி நேரம் பாட்டுக்கு உரியது. ஆதீனப் பாடசாலையில் பயின்று, கோயிலில் பல ஆண்டுகள் தேவாரம் பாடும் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓதுவார் ஒருவர் கற்பிக்கிறார். பிள்ளைகள் அவரை ‘ஓதுவார் ஐயா’ என்று அழைக்கிறார்கள். ‘திருச்சிற்றம்பலம்’ என்று சொல்லித் தொடங்கி, ‘திருச்சிற்றம்பலம்’ என்று சொல்லி முடிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. புதிய பதிகத்தை, அதாவது பத்துப் பாட்டளவிலான தொகுப்பை, தொடங்கும்போது முதல் மூன்று வாரங்களுக்கு யார் கையிலும் தாள் இருக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான விதி. அவர் ஓர் அடியைப் பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடுகிறார்கள். பிழை வந்தால் அந்தச் சொல்லை மட்டும் பிரித்துச் சொல்லாமல் அடி முழுவதையும் மீண்டும் பாடுகிறார். நான்காவது வாரத்தில்தான் சீர் பிரித்து எழுதிய தாள் வருகிறது. தங்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொற்களைக் கண்ணால் காணும்போது, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் ஆங்கில வழிப் பள்ளிப் பிள்ளைகள்கூட விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று படித்துவிடுகிறார்கள். பெற்றோர் சிலர் ரோமன் எழுத்தில் தாள் வேண்டும் என்று கேட்டபோது, ‘அதில் ழகரத்தை எப்படி எழுதினாலும் பிள்ளை லகரமாகத்தான் வாசிக்கும், அம்மா’ என்று சொல்லி மறுத்துவிட்டார்.

முதலில் கற்றுக்கொடுத்தது சம்பந்தரின் முதல் பதிகமான ‘தோடுடைய செவியன்’. பண், அதாவது பழந்தமிழ் இராகம், நட்டபாடை; இன்றைய கருநாடக இசை வழக்கில் கம்பீரநாட்டை என்று பாடுகிறார்கள். பொருள் சொல்லும் நாளன்று கூடம் கலகலத்துப் போனது. ‘விடையேறி’ என்றால் என்ன என்று ஐயா கேட்டதற்கு, தேர்வில் விடை எழுதும் பழக்கத்திலேயே வளர்ந்த ஒரு சிறுவன், சாமி விடைத்தாளின் மேல் ஏறி நிற்கிறார் என்று விளக்கம் சொன்னான். இங்கே விடை என்றால் காளை. அடுத்த பதிகத்தில் இதே கதை வேறு உருவில் வந்தது. சூலை நோயால் துடித்த நாவுக்கரசர் என்ற அப்பர் திருவதிகையில் பாடிய ‘கூற்றாயினவாறு’ என்ற பதிகத்தின் முதல் சொல்லைக் கேட்டதும், ‘கூற்று, காரணம் இரண்டும் சரி’ என்று பள்ளி வினாத்தாளின் வாய்பாட்டை என் மகளே ஒப்பித்தாள். ஐயா சிரித்துவிட்டு, கூற்று என்பது உயிரையும் உடலையும் கூறுபடுத்தும் யமன் என்றும், வயிற்று வலி யமனைப் போல வந்து நின்றது என்று அப்பர் முறையிடுகிறார் என்றும் சொன்னார். வயிற்று வலி என்றவுடன் பிள்ளைகள் முகத்தில் ஒரு புரிதல் வந்ததைப் பார்க்க வேண்டும். முதல் பதிகத்தில் கடவுளை ‘உள்ளங்கவர் கள்வன்’ என்று மூன்று வயதுச் சம்பந்தர் திருடனாக்கிவிட்டதும் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. வீட்டில் பிஸ்கட் காணாமற் போகும் நாட்களில் எல்லாம் அந்தப் பட்டம் இப்போது என் கணவருக்குச் சூட்டப்படுகிறது.

ஓதுவார் ஐயாவுக்குக் கதை சொல்லும் பொறுப்பு கிடையாது. ஆனால் பாட்டு எங்கே நிற்கிறதோ அங்கே கதை தானாக வந்து விழும்படி செய்துவிடுகிறார். தாளம் பழக்கும்போது பிள்ளைகளைக் கையால் தட்டச் சொன்னார். அரை மணி நேரத்தில் எல்லோரும் கை வலிக்கிறது என்றார்கள். உடனே, சீர்காழிக்குப் பக்கத்தில் உள்ள திருக்கோலக்காவில் குழந்தைச் சம்பந்தர் ‘மடையில் வாளை பாய’ என்று கையால் தாளமிட்டுப் பாடியதையும், அந்தப் பிஞ்சுக் கைகள் நோகுமே என்று இறைவன் பொற்றாளம் தந்ததையும் நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ஒரு சோடி வெண்கலத் தாளத்தை எடுத்து நடுவில் வைத்தார். சிவந்துபோன உள்ளங்கையோடு கேட்ட அந்தக் கதையை இந்தப் பிள்ளைகள் மறப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தாளத்துக்குச் சண்டை வந்தது என்பது வேறு விஷயம்.

சிறியவர்களுக்கென்று அவர் தேர்ந்தெடுத்திருந்த ‘ஒன்றுகொலாம்’ பதிகமும் அப்படித்தான். திங்களூரில் அப்பூதியடிகளின் மூத்த மகன், விருந்துக்கு வாழைக்குருத்து அரியச் சென்ற இடத்தில் பாம்பு தீண்டி இறந்துபோக, விருந்து தடைபடக் கூடாதென்று பெற்றோர் அதை மறைத்துவைக்க, திருநீறு இடுவதற்காகப் பிள்ளையை அழைக்கச் சொன்ன நாவுக்கரசரிடம் தந்தை ‘இப்போது இங்கு அவன் உதவான்’ என்று மட்டும் சொல்லி நிற்க, உண்மையை உணர்ந்த அவர் பாடிய பதிகம் அது. ஒன்றுகொலாம், இரண்டுகொலாம், மூன்றுகொலாம் என்று பாட்டுக்கு ஓர் எண்ணாகப் பத்து வரை போகிறது. ஆறு வயதுப் பிள்ளைகள் விரல் மடக்கிக்கொண்டு பாடுகிறார்கள். வாய்பாடும் வந்துவிடுகிறது, பதிகமும் வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணி முடிப்பதற்குள் பையன் எழுந்துவிட வேண்டுமே என்ற பதைப்பும் அவர்களுக்கு வந்துவிடுகிறது.

இந்த வகுப்பில் நான் மிக உயர்வாக மதிப்பிடுவது மயிலாப்பூர்ப் பதிகத்தை அவர் கற்பித்த முறையை. சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். சம்பந்தருக்கென்று நேர்ந்து வளர்த்த மகள் என்பதால் தந்தை அவளுடைய எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுக் காத்துவைத்திருந்தார். கபாலீச்சரத்துக்கு வந்த சம்பந்தர் அந்தக் குடத்தை முன்னே வைத்துப் பாடிய ‘மட்டிட்ட புன்னையங் கானல்’ என்ற பதிகம், அவளை எழுப்ப மந்திரம் எதையும் சொல்லவில்லை. இந்த ஊரின் திருவிழாக்களைப் பார்க்காமலா போகிறாய் என்று கேட்கிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று பாட்டுக்கு ஒரு விழாவாக நகர்ந்து, கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் ‘காணாதே போதியோ பூம்பாவாய்’ என்று முடிகிறது. ஓதுவார் ஐயா இந்தப் பதிகத்தை ஒரே மூச்சில் கற்றுக்கொடுக்கவில்லை. முதற்பாட்டைப் புரட்டாசியில் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஐப்பசிப் பாட்டை ஐப்பசியிலும், விளக்கீட்டுப் பாட்டைக் கார்த்திகையிலும், பூசப் பாட்டைத் தையிலுமாக, நாட்காட்டியோடு சேர்த்தே நகர்த்தினார். சீகாமரப் பண்ணில், அதாவது நாதநாமக்கிரியையில், மாதம் ஒரு பாட்டாக அந்தப் பதிகம் எங்கள் வீட்டில் வளர்ந்தது. தைப்பூசப் பாட்டில் வரும் ‘நெய்ப்பூசும் ஒண்புழுக்கல்’ என்பதற்கு, கூடத்தில் மின்விசிறி நின்றுபோயிருந்த நேரமாதலால், பிள்ளைகள் புழுக்கம் என்று பொருள் கொண்டார்கள். வீட்டில் இருக்கும் புழுங்கல் அரிசியை நினைவுபடுத்தி, நெய் விட்ட சோறு என்று அவர் விளக்கியவுடன், ஆயிரத்து சொச்சம் ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் பூசத்துக்கு என்ன சமைத்தார்கள் என்பது ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

பங்குனிப் பாட்டு முடிந்த வாரத்தில் பெருவிழா வந்தது. எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்பெறும் நிகழ்ச்சி கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் நடைபெறுவதும், அன்று மாலை அறுபத்து மூவர் வீதியுலா வருவதும் இவ்வூர் மக்கள் அறிந்தவையே. பிள்ளைகளைக் காலையிலேயே குளக்கரைக்கு அழைத்துச் சென்றார்கள். ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, பூம்பாவை எழுந்து வந்து பதில் சொல்லிவிட்டாள் என்பதுபோல் என் மகள் நின்றிருந்தாள். கூட்டத்தில் செருப்பு ஒன்றைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பினோம்.

இனி இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். பத்து மணிக்குப் பிறகு முக்கால் மணி நேரம் கதை, கடைசிக் கால் மணி நேரம் பயிற்சித்தாள். கதை சொல்பவர் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஊதியம் பெறாமல் அன்போடு செய்கிறார். அவரிடம் எனக்குக் குறை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறை முழுவதும் அவர் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் அந்தக் கதைப் புத்தகத்தின் மீதுதான்.

புத்தகம் பளபளப்பான தாளில், பக்கத்துக்கு ஒரு வண்ணப்படத்தோடு இருக்கிறது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கட்டத்துக்குள் ‘இக்கதை உணர்த்தும் நீதி’ என்று ஒரு வாக்கியம். முதலில் வந்தது கண்ணப்பர் கதை. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் திண்ணன், பின்னாளில் கண்ணப்பர் ஆனவன், வேடர் குலத்துப் பிள்ளை; காளத்தி மலையில் தனியாக நிற்கும் சாமிக்குப் பசிக்குமே என்று பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டி, தானே கடித்துப் பார்த்து, சுவையானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, கையில் வில்லும் இறைச்சியும் இருப்பதால் நீரை வாயிலும் பூவைத் தலைமயிரிலும் கொண்டுபோனவன். மறுநாள் வந்து பார்த்த பூசகர் சிவகோசரியார் பதறிப்போனதற்கும், கதை ஆறு நாள் நீண்டு, திண்ணன் தன் கண்ணைப் பெயர்த்துச் சாமிக்கு அப்பும் இடத்துக்குப் போவதற்கும் அந்த இறைச்சிதான் அச்சாணி. எங்கள் வகுப்புப் புத்தகத்திலோ திண்ணன் ‘காட்டுப் பழங்களை’ப் படைக்கிறான். பழங்களைக் கண்டு பூசகர் அழுது புலம்புகிறார். இறைச்சியை எடுத்தவர்களுக்கு, பூசகரின் அழுகையையும் எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ‘பழம் வெச்சதுக்கு ஏம்மா அழறார்?’ என்று என் மகள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டாள். மட்டன் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். திண்ணன் தங்களைப் போன்றவன் என்று அவர்கள் அறிந்துகொள்ளக் கிடைத்த ஒரே இடத்தை, நாகரிகம் கருதியோ வேறெதைக் கருதியோ, அழித்திருக்கிறார்கள். கதையின் அடியில் இருந்த நீதி: ‘பெரியோர் சொற்படி பூசை செய்ய வேண்டும்’. கதை சொல்வதற்கு நேர் எதிரானது இது.

காரைக்கால் அம்மையார் கதையில் தவறு படத்தில் இருக்கிறது. மாம்பழ நிகழ்ச்சியை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்; கணவன் அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றை அடியவருக்கு இட்டுவிட்டு, அப்போது புனிதவதி என்ற பெயரோடு இருந்த அம்மையார் தவிப்பதும், கைக்கு இன்னொரு கனி வந்து சேர்வதும் பிள்ளைகளைக் கட்டிப்போட்டன. ஆனால் கணவன் விலகிப்போன பிறகு, அவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று பேயுருவை வேண்டிப் பெற்றவர் அவர். திருவாலங்காட்டைப் பற்றிய பதிகத்தில் ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்று’ப் பேயை ஒளிவு மறைவில்லாமல் பாடியவர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் வற்றிய உடலோடு கையில் தாளத்தை ஏந்திச் சிரித்தபடி அமர்ந்திருப்பவர். புத்தகத்தில் அவர் பட்டுப்புடவை உடுத்தி, மூக்குத்தி அணிந்து, வெள்ளைக் கொண்டையோடு விளம்பரத்தில் வரும் பாட்டியைப் போலத் தலைகீழாகக் கயிலை ஏறுகிறார். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று எண்ணியிருக்கலாம். பேய் என்றால் பிள்ளைகளுக்குப் பயம் உண்டுதான். ஆனால் சாமியே ‘அம்மையே’ என்று அழைத்த ஒரு நல்ல பேய் இருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் அவர்கள் அடையும் ஆனந்தத்துக்கு அளவில்லை. அருங்காட்சியகத்துச் சிலையின் படத்தை மகளுக்கு நான் காட்டினேன். இப்போது எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் நிற்கும் அறுபத்து மூவர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைத் தேடிக்கொண்டு ஓடுவதே அவளுக்கு வேலையாக இருக்கிறது.

சிறுத்தொண்டர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது எளிதில் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று. திருச்செங்காட்டங்குடியில் பைரவ வேடத்தில் வந்த அடியவர் பிள்ளைக்கறி கேட்க, பெற்றோரே மகன் சீராளனை அறுத்துச் சமைத்த கதையை ஆறு வயதுக் குழந்தையிடம் சொல்ல எனக்கே துணிவில்லை. அதைத் தவிர்த்துவிட்டிருந்தால் நான் பாராட்டியிருப்பேன். அவர்களோ கதையைத் தவிர்க்காமல் பிள்ளைக்கறியை மட்டும் மாற்றினார்கள்: விருந்தினருக்குச் சிறுத்தொண்டர் வீட்டிலிருந்த உணவையெல்லாம் கொடுத்துவிட, பசியோடு பள்ளிக்குப் போன சீராளனை விருந்தினர் அழைத்து ஊட்டிவிட்டாராம். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று, தன் பாட்டி சொன்ன கதை இது இல்லை என்று, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். கூடம் உறைந்துபோயிற்று. ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். அந்தச் சிக்கலிலிருந்து வகுப்பை மீட்டவர் ஓதுவார் ஐயாதான். தாளத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ‘அதற்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா’ என்று கேட்டு, தாய் வாசலில் நின்று ‘செய்ய மணியே சீராளா வாராய்’ என்று கூப்பிட, பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவரும் பிள்ளையைப் போல அவன் ஓடிவந்ததைச் சொன்னார். அழுத குழந்தை சமாதானம் ஆகிவிட்டது. மரபான கதைகளில் கொடுமை எவ்வளவு உண்டோ அதற்கு ஈடான ஆறுதலும் உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றதற்கும் இடம் இல்லாமல் போகிறது.

என்னை மிகவும் வருத்தியது திருநாளைப்போவார், அதாவது நந்தனார், கதை. புத்தகம் அவரை ‘எளிய குடும்பத்தில் பிறந்தவர்’ என்கிறது. வேதிய முதலாளி ஒருவர் நாற்பது வேலி நிலத்தைப் பயிரிட்டு முடித்துவிட்டுச் சிதம்பரம் போகச் சொன்னதாக ஒரு நிகழ்ச்சியைப் பெரியபுராணக் கதையாகவே தருகிறது. அந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் வழியாகப் பரவிய பாத்திரம் அவர். சேக்கிழார் ஆதனூரின் புலைப்பாடியை மறைக்காமல் பாடுகிறார். அங்கே பிறந்த அந்த அடியவர், கோயில்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார் என்பதையும் சொல்கிறார். மிருதங்கம் கற்கும் இரண்டு பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். கோயிலுக்குள் ஒலிக்கும் முழவின் தோலைக் கொடுத்தவருக்குக் கோயிலுக்குள் போக இடமில்லை என்ற செய்தியை அவர்களிடம் சொன்னால் போதும், மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டியதில்லை. ‘எளிய குடும்பம் என்றால் ஏன் உள்ளே விடவில்லை? எங்களிடமும்தான் கார் இல்லை’ என்று ஒரு சிறுவன் கேட்டபோது ஆசிரியை தடுமாறினார். திருப்புன்கூரில், வெளியில் நின்ற அவர் சாமியைக் காண நந்தி விலகிய இடத்தில் கைதட்டிய பிள்ளைகள், அது எதை மறைத்துக்கொண்டிருந்தது என்பதை அறியாமலே தட்டினார்கள்.

அப்பர் கதையில் சமணரைப் பற்றிய பகுதியும் கவனமின்றி எழுதப்பட்டிருக்கிறது. நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் அடைத்ததும், கல்லோடு கடலில் இட்டதும் புராணத்தில் உள்ளவையே. அங்கேதான் ‘மாசில் வீணையும்’, ‘சொற்றுணை வேதியன்’ என்ற இரண்டு பாட்டுகளும் பிறக்கின்றன என்பதால் அவற்றை விட முடியாது. ஆனால் ‘கொடிய சமணர்கள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்டுவிட்டு, மருள்நீக்கியாராகப் பிறந்த அவரே தருமசேனர் என்ற பெயரோடு அந்தச் சமயத்தில் தலைமை பெற்றிருந்தவர் என்பதை அரை வரியில் முடித்திருக்கிறார்கள். என் மகளின் பள்ளித் தோழி ஒருத்தி சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அன்று இரவு வந்த கேள்வியை நீங்களே ஊகிக்கலாம். சீவக சிந்தாமணி என்ற பெருங்காப்பியத்தைத் தமிழுக்குத் தந்தவர் திருத்தக்கதேவர் என்ற சமணத் துறவி என்றும், அநபாய சோழன் அந்த நூலில் மூழ்கியிருந்ததைக் கண்டே சேக்கிழார் தம் நூலை எழுதினார் என்று மரபாகச் சொல்வார்கள் என்றும் சொல்லி, அந்தத் தோழி வீட்டுக்கும் தமிழில் பங்கு உண்டு என்று புரியவைக்க எனக்குப் படுக்கும் நேரம் தாண்டிவிட்டது.

பயிற்சித்தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கோடிட்ட இடங்களை நிரப்புவது, பொருத்துவது, வண்ணம் தீட்டுவது. ஆண்டு முடிவில் ஒப்புவித்தல் போட்டி வைத்துப் பரிசு தருகிறார்கள். ஐந்து நிமிடத்தில் அதிகப் பாட்டுச் சொன்னவருக்கு முதற்பரிசு என்பதால் பண்ணும் போச்சு, சொல்லும் போச்சு. ஓதுவார் ஐயா அன்று வரவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஜூம் வழியாகவும் வகுப்பு உண்டு. குரல் தாமதமாக வருவதால் சேர்ந்து பாட முடியாது, அவரவர் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தனியாகப் பாட வேண்டியதுதான்.

ஆசிரியையைப் பற்றி முன்பு சொன்னதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறன்று பிள்ளைகளைப் புறநகர் ரயிலில் திருநின்றவூருக்கு அழைத்துச் சென்றார்கள். பூசலார் நாயனாரின் ஊர். கோயில் கட்டப் பொருள் இல்லாமல், கல்லும் மரமும் தச்சரும் எல்லாம் மனத்துக்குள்ளேயே தேடி, அடித்தளம் முதல் சிகரம் வரை மனத்திலேயே எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர் அவர். அதே நாளில் காஞ்சியில் கற்கோயில் எடுத்துக் குடமுழுக்குக்குக் காத்திருந்த காடவர் கோமானின், அதாவது பல்லவ அரசனின், கனவில் இறைவன் தோன்றி, நாளைக்குப் பூசலார் கோயிலில் எனக்கு வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்று சொல்ல, அரசன் திருநின்றவூருக்கு வந்து அந்தக் கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்கிறான். இருதயாலீசுவரர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, பூசலார் திருவுருவத்தின் எதிரிலேயே ஆசிரியை இதைச் சொன்னார். புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். அரசனுடைய குரலில் அதிகாரமும் ஊர்க்காரர்களுடைய குரலில் திகைப்புமாக அவர் கதை சொன்ன அழகில், பக்கத்தில் பிரதட்சிணம் வந்துகொண்டிருந்த இரண்டு பாட்டிமார் நின்று கேட்டார்கள். முடிந்ததும் நீதி எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடி அவரவர் ஒரு கோயில் கட்டிப் பாருங்கள் என்றார். ஐந்து நிமிட அமைதிக்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவன் தன் பாட்டிக்கு முழங்கால் வலி என்பதால் லிஃப்ட் வைத்துக் கட்டியிருந்தான். என் மகளுடைய கோயிலில் பேயம்மைக்கு மட்டும் தனிச் சந்நிதி, படையலுக்கு மாம்பழம். பெருமாளுக்கும் ஓர் இடம் விட்டிருப்பதாக ஒரு சிறுமி சொன்னாள். அவள் மார்கழியில் இன்னொரு வகுப்பில் திருப்பாவை முப்பதையும் படிப்பவள்.

அந்த ஆசிரியையிடமிருந்து புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டால் அவரும் ஓதுவார் ஐயாவுக்கு ஒரு படியும் குறைந்தவர் அல்லர் என்பதை அன்று கண்டேன். நிர்வாகிகளிடம் இதைப் பணிவாகவே எழுதிக் கொடுத்தேன். வாயிலார் நாயனார் இந்த மயிலாப்பூரிலேயே பிறந்தவர், கலிய நாயனார் திருவொற்றியூர்க்காரர், மூர்க்க நாயனார் திருவேற்காட்டுக்காரர், திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சிக்காரர். புத்தகத்துக்கு ஆகும் செலவில் ரயில் சீட்டு வாங்கி அந்தந்த ஊரில் வைத்தே கதை சொல்லலாமே என்று கேட்டிருந்தேன். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

சேர்க்க எண்ணுபவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள்: கூடம் மாடியில் இருப்பதால் வயதானவர்கள் துணைக்கு வருவது கடினம். வண்டி நிறுத்த இடமில்லை. மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்துவிடலாம். பிள்ளை முதல் மாதம் ஒன்றும் பாடாமல் உட்கார்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம், ஓதுவார் ஐயா வற்புறுத்த மாட்டார். ஏழாவது எட்டாவது வாரத்தில் குளியலறையிலிருந்து குரல் கேட்கும். கதைகளை முந்தின நாள் இரவே உங்களுக்குத் தெரிந்த வடிவில் வீட்டில் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஐப்பசியில் தொடங்கும் அடுத்த தவணைக்கு நான் பணம் கட்டிவிட்டேன். பாட்டு வகுப்புக்கு மட்டும் சேர்க்க முடியுமா என்று கேட்டதற்கு அப்படி வழக்கம் இல்லை என்றார்கள். சரி, புத்தகமாவது வேண்டாம், 150 ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். கழிக்கவில்லை, புத்தகத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.